பதினோரு கட்டம்

"ரெண்டு பேரும் மாடியில போய்ப் பேசிட்டு வாங்க" என்று பெரியவர்கள் அனுப்பி வைத்தபோது மோகனப்பிரியா மூன்று கேள்விகளைத் தயாராக வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் கல்லூரியில் பாடம் நடத்தப் போகலாமா என்பது முதல் கேள்வி. அப்பா அம்மாவை நினைத்தபோது வந்து பார்க்கலாமா என்பது இரண்டாவது. கிருபாசங்கர் இரண்டுக்கும் "தாராளமா" என்று சொல்லிவிட்டான்.

"கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மூன்றாவதைக் கேட்டாள்.

அதற்குத்தான் அவன் யோசித்தான். கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தான். பிறகு, "பேசாம கட்டத்தை எடுத்து வெச்சுட்டு உட்கார்ந்துக்குவேனுங்க" என்றான்.

"கட்டமா? ஜாதகக் கட்டமா?"

"ஐயோ, இல்லீங்க" என்று சிரித்தான். சிரித்தால் நன்றாக இருந்தான். அவனுக்கு முப்பத்தொரு வயது. பீளமேட்டில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். சொந்த ஊர் ஈரோடு, அப்பாவுக்கு மஞ்சள் மண்டி. "நீங்க கணக்கு டீச்சருங்கறதால தைரியமாச் சொல்றேன். வேற பொண்ணா இருந்தா பயந்துக்கும். வாய்க்கால் மேட்டுக் கொலைகள்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

மோகனப்பிரியா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்பது, எண்பத்தொண்ணுல நடந்தது. பதினாலு மாசத்துல நாலு பேர். ஒவ்வொரு தடவையும் கொலை நடந்த மறுவாரம் பேப்பர் ஆபீசுக்கு ஒரு லெட்டர் வரும். லெட்டர்னா எழுத்தே இருக்காது. கட்டம் போட்ட தாள்ல சில கட்டம் கறுப்பு, சில கட்டம் வெள்ளை. அவ்வளவுதான். போலீஸ் பார்த்தாச்சு, புரொபசருங்க பார்த்தாச்சு, ஒருத்தராலும் படிக்க முடியலை. நாலாவதோட நின்னுபோச்சு. ஆளும் கிடைக்கலை. நாங்க மூணு பேர் ஞாயித்துக்கிழமையானா பேக்கரியில உட்கார்ந்து அதைத்தான் பேசிட்டிருப்போம். நாலு வருஷமா." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வாரப் பத்திரிகையில போன மாசம் ஒரு கட்டுரை வந்ததே, நூல்காரன்னு பேர் போட்டு? அது நான்தானுங்க."

கீழே கூடத்தில் அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. பாலுசாமி அப்படி வாய்விட்டுச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்தப் பத்திரிகை மோகனப்பிரியாவின் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. அப்பா கண்ணில் படக்கூடாது என்று அவள் ஒளித்து வைத்திருந்தாள். அதில் இருந்த ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம். 'இது எழுத்தே அல்ல. இது ஒரு நெசவு டிசைன். கறுப்புக் கட்டம் என்றால் நெடுக்கே ஓடும் பாவு நூல் மேலே. வெள்ளை என்றால் கீழே. தினமும் டிசைன் போட்டுப் பழகிய கை, தன்னை மறந்து போட்டது இது.'

"அடுத்த பகுதி எப்ப வருது?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"எழுதி வெச்சுட்டேன். திங்கக்கிழமை தபால்ல போடணும். அந்த மாதிரித் தாளை அப்ப வாங்கினது ஒரே ஒரு மில்லுதானாம். அங்க டிசைன் டிபார்ட்மென்ட்டுல இருந்தது மூணே பேர். அதைச் சொல்லிப்போட்டேன். பேரெல்லாம் எனக்குத் தெரியாது, போடவும் மாட்டேன். படிக்கறவங்க கண்டுபிடிச்சுக்குவாங்க."

அந்த மூவரில் ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் சோலாப்பூரில் மகனோடு இருக்கிறார். மூன்றாமவர் கீழே கூடத்தில், மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இரண்டாவது மைசூர்பாகை வற்புறுத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த லெட்டரை முழுசா நான் பார்க்கலாமுங்களா?" என்றாள் மோகனப்பிரியா. "பத்திரிகையில பாதியைத்தான் போட்டிருந்தாங்க."

கிருபாசங்கரின் முகம் மலர்ந்துபோனது. பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு பெண் இருப்பாள் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாங்க. வஹீது பாய்கிட்ட முழுசா இருக்குது."

"வாரேன். என் பதிலையும் அன்னிக்கே சொல்றேன்."

*

"புடிச்சிருக்குதா கண்ணு?" என்று அன்று சாயங்காலம் ராசாத்தாள் கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பையன் லட்சணமாத்தான் இருக்கறான். கூட்டமும் வேற, முறைக்கு ஒண்ணும் தடையில்லை. அவங்கம்மா போறப்ப என் கையைப் புடிச்சுட்டே நின்னாங்க."

மோகனப்பிரியா பீரோவிலிருந்து பத்திரிகையை எடுத்து வந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். யார் எழுதியது என்று சொன்னாள்.

ராசாத்தாள் வெகுநேரம் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒன்பது நாட்கள் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. காலையில் போலீஸ் ஜீப் வரும், பாலுசாமியை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் அவர் நடந்து வருவார். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நிற்கும். பத்தாம் நாள், 'ஒன்றுமில்லை, போகலாம்' என்று சொல்லிவிட்டார்கள். மோகனப்பிரியாவுக்கு அப்போது பதினாலு வயது. அதற்கப்புறம் அவர் மில் வேலை உண்டு, வீடு உண்டு என்று இருந்தார். கல்யாணங்களுக்குப் போவதில்லை. டீக்கடையில் உட்காருவதில்லை. மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், யாரோ சொல்லிக் கேட்டுப் பின்வாங்கிப் போயின. இவர்கள் ஈரோட்டுக்காரர்கள். பெண்ணின் அப்பாவுக்கு மில் வேலை என்று மட்டும்தான் தெரியும்; மற்றது இன்னும் காதுக்குப் போகவில்லை.

"வேண்டாம்னு சொல்லிப்போடலாம்" என்றாள் ராசாத்தாள் கடைசியில். "என்ன ஒண்ணு, அவன் நம்மகிட்டச் சொல்லிப்போட்டான். நாமதான் அவங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலை."

அதுதான் மோகனப்பிரியாவையும் உறுத்தியது.

சனிக்கிழமை அவள் அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சுருட்டி வைத்த டிசைன் தாள்கள். பெட்ஷீட்டுகள், துண்டுகள், ஜன்னல் திரைகள். ஒன்று மட்டும் பாதியில் நின்றிருந்தது. ஒரு மயில். கால்களும் வயிறும் தோகையின் அடிப்பாகமும் இருந்தன. கழுத்தும் தலையும் இல்லை. ஜீப் வந்த காலையில் மேஜைமேல் இருந்தது அதுதான். சின்னப் பெண்ணாக இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்ப்பா எப்பவும் மயிலுக்குக் காலையே முதல்ல போடறீங்க?" என்று கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. அப்பா என்ன பதில் சொன்னார் என்பது நினைவு வரவில்லை. தாளைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. வெறுங்கையோடு போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

*

பேக்கரியில் தேங்காய் பன் வாசனை தெருவரைக்கும் வந்தது. மூலை மேஜையில் மூன்று பேரும் எழுந்து நின்று வரவேற்றார்கள்.

"வாங்க அம்மணி, வாங்க. உட்காருங்க" என்றார் அப்துல் வஹீது. கோட்டைமேட்டுக்காரர், பத்திரிகைகளில் படம் அச்சடிக்க உலோக பிளாக் செய்து கொடுக்கும் தொழில். "ஏனுங்க, பொண்ணு பார்க்கப் போன எடத்துல இந்தத் தம்பி கொலையைப் பத்தியா பேசிச்சு? நான் என் சம்சாரத்தைக் கட்டி முப்பது வருஷமாச்சு. ஆமினாகிட்ட இன்னும் இதைப் பத்தி மூச்சு விடலை. ஞாயித்துக்கிழமையானா மிஷினுக்கு எண்ணெய் வாங்கப் போறேன்னுதான் சொல்லிட்டு வாரேன்."

"நாலு வருஷமா வாரவாரம் எண்ணெய்! அந்தம்மாவுக்குத் தெரியாமயா இருக்கும்?" என்றார் சுந்தரராஜுலு. ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். "நீங்க கேளுங்கம்மா. கறுப்புன்னா தந்திக் கோடு, வெள்ளைன்னா இடைவெளி. இது தந்தி பாஷை. என் சர்வீஸ்ல தந்தி அடிச்சவன் எவனோதான் இவன்."

"அப்படின்னா படிச்சுக் காட்டுங்க பார்க்கலாம்" என்றார் வஹீது.

"ஒரு வார்த்தை படிச்சிருக்கேன்."

"என்ன வார்த்தை?"

"'டடமப.'"

"அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"அதைத்தான் தேடிட்டிருக்கேன்."

"எத்தனை வருஷமா?"

"ரெண்டு."

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போம் என்று நினைத்துக்கொண்டு அவள் வரவில்லை. வஹீதின் கட்சி வேறு. கொலை நடந்த நாலு நாளும் பாசஞ்சர் ரயில் தாமதமாக வந்த நாட்கள், ஆள் ரயில்வேக்காரன் என்பது. அதற்காக அவர் பழைய கால அட்டவணைகளைப் பையோடு சுமந்துகொண்டு வந்திருந்தார்.

"முழு லெட்டரைக் காட்டுங்க பாய்" என்றான் கிருபாசங்கர்.

வஹீது பையிலிருந்து சுருட்டிய தாள் ஒன்றை எடுத்தார். அந்தக் காலத்தில் பத்திரிகைக்காக முதல் கடிதத்துக்கு பிளாக் செய்தவர் அவர்தான். இடமில்லை என்று பத்திரிகையில் பாதியை வெட்டிப் போட்டார்கள். முழு அச்சு ஒன்றை அவர் தனக்காக எடுத்து வைத்திருந்தார்.

மோகனப்பிரியா அதை மேஜையில் வைத்துப் பார்த்தாள். சதுரங்கள், கறுப்பும் வெள்ளையுமாக. மேலே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டு, தாராளமாக ஆரம்பித்திருந்தது. முதல் வரிகளில் கட்டங்கள் அழகாக நிரப்பப்பட்டிருந்தன. கீழே போகப்போக அவசரம் தெரிந்தது. தாளில் அச்சடித்த கட்டங்கள் தீர்ந்துபோய், அதற்கும் கீழே, ஓரத்தில், கையால் இரண்டு வரி கோணல் கட்டங்கள் போட்டு நெருக்கி அடைத்திருந்தான்.

அவள் சட்டென்று பையிலிருந்த மயிலை எடுத்துப் பக்கத்தில் விரித்தாள்.

"இது என்னங்க?" என்றான் கிருபாசங்கர்.

"பாதியில நின்னுபோன டிசைன். எந்தப் பாதி இருக்குதுன்னு பாருங்க."

"கால்... வயிறு. கீழ்ப்பாதி."

"ஏன் தலை இல்லை?"

அவன் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"தறியில துணி எப்படி வளருதோ அப்படித்தான் டிசைனும் போடுவாங்க. குறுக்கே போற முதல் நூல், முதல் ஊடை, அதுதான் கீழ்வரி. அதுக்கு மேல ரெண்டாவது. கீழிருந்து மேல. டிசைன் போடற கை கடைசி வரைக்கும் அப்படித்தான் போகும். அந்தக் கைக்கு இடம் பத்தாமப் போனா எங்க பத்தாமப் போகும்?"

"மேல" என்றான் அவன் மெதுவாக.

"இவனுக்குக் கீழ பத்தாமப் போயிருக்குது."

சுந்தரராஜுலு கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். அச்சுத் தாளை வாங்கிப் பார்த்தார். "வேணும்னே மாத்திப் போட்டிருக்கலாமேம்மா? கெட்டிக்காரனா இருந்தா?"

"இருக்கலாமுங்க. அதை நான் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா 'தன்னை மறந்து போட்ட கைப்பழக்கம்'னுதானே இவர் எழுதியிருக்கார்? தன்னை மறந்திருந்தா கீழிருந்துதான் ஆரம்பிச்சிருக்கணும்."

கிருபாசங்கர் இரண்டு தாள்களையும் மாறிமாறிப் பார்த்தான். "நான் ஸ்பின்னிங்குங்க" என்றான். "எங்க மில்லுல நூல் வரைக்கும்தான். டிசைன் ரூமுக்குள்ள ஒரு தடவைகூடக் கால் வெச்சதில்லை. புஸ்தகத்துல படத்தைப் பார்த்துட்டு எழுதிப்போட்டேன்."

"அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் வஹீது. "நான்கூட உங்களுக்கு நெசவு தெரியும்னு நம்பிட்டுத்தானே என் ரயிலைக் கொஞ்சம் ஓரங்கட்டி வெச்சேன்!"

கிருபாசங்கர் சிரிக்கவில்லை. மயிலின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த பெயரை அவன் அப்போதுதான் கவனித்தான். பா. பாலுசாமி. பிறகு மோகனப்பிரியாவைப் பார்த்தான்.

"அந்த மூணு பேர்ல..."

"மூணாவது ஆள்" என்றாள் அவள். "புதன்கிழமை உங்கப்பாவுக்கு மைசூர்பாகு வெச்சாரே, அவர்தான். ஒன்பது நாள் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒண்ணுமில்லைன்னு உட்டுட்டாங்க. அது உங்களுக்கு நாங்க சொல்லியிருக்கணும். சொல்லலை. தப்புதான்."

டீ வந்தது. வஹீது கிளாஸ்களை அச்சிலிருந்து தள்ளி வைத்தார்.

"பாகம் ரெண்டை நான் தபால்ல போடப் போறதில்லீங்க" என்றான் அவன்.

அவள் அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்டதும் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. பாகம் ஒன்று ஏற்கெனவே எல்லா வீட்டிலும் இருக்கிறதே.

"உங்கப்பாவைப் பார்க்கணும். இன்னிக்கே" என்று எழுந்தான் கிருபாசங்கர். "எழுதினது நான்னு சொல்லணும்."

"சொன்னா இந்தச் சம்பந்தம் நின்னாலும் நின்னுபோகும்."

"சொல்லாம நடந்தா, தினமும் அவர் எதிர்ல உட்கார்ந்து எப்படிங்க சோறு திங்கறது?"

வஹீது அந்த முழு அச்சை ஒரு செய்தித்தாளில் சுற்றி அவன் கையில் கொடுத்தார். "பத்திரமாக் கொண்டு வாங்க. ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றார்.

*

பாலுசாமி முன்னறையில் உட்கார்ந்து ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மகளோடு மாப்பிள்ளைப் பையனும் வருவதைப் பார்த்துத் திகைத்து எழுந்தார். "வாங்க, வாங்க மாப்பிள்ளை... ராசாத்தா, காபி வெய்யி."

"காபி அப்புறம் குடிக்கறனுங்க மாமா" என்றான் கிருபாசங்கர். நின்றுகொண்டே சொன்னான். கட்டுரை எழுதியது தான்தான் என்றான். விசாரிக்காமல் எழுதியது தப்பு என்றான். இன்னொன்றும் எழுதி வைத்திருந்தேன், அனுப்பமாட்டேன் என்றான். வேறு எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

அடுக்களை வாசலில் ராசாத்தாள் நின்றாள். ரேடியோவிலிருந்து ஒரு திருகாணி உருண்டு தரையில் விழுந்தது. பாலுசாமி குனிந்து அதை எடுத்தார், எடுத்து நிதானமாகக் கிண்ணத்தில் போட்டார்.

"அந்தக் கட்டுரையை நான் படிச்சுட்டேனுங்க" என்றார்.

மோகனப்பிரியா திடுக்கிட்டாள். "எப்பப்பா?"

"நீ பீரோவுல ஒளிச்சு வெச்ச அன்னிக்கு. வேட்டி எடுக்கப் போனேன்." அவர் கிருபாசங்கரின் கையில் இருந்த சுருளைப் பார்த்தார். "அதென்னங்க?"

"அந்த லெட்டர். முழுசு."

"குடுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மேஜையில் விரித்தார். பதிமூன்று வருடமாகத் தன்னோடு கூடவே இருந்த ஒன்றை அவர் இப்போதுதான் முழுதாகப் பார்க்கிறார் என்பது மோகனப்பிரியாவுக்கு அப்போது உறைத்தது. அவர் விரல் கீழ்வரியில் தொடங்கி மேலே ஏறியது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. உதடுகள் அசைந்தன. எண்ணுகிறார்.

"பதினொண்ணு" என்றார்.

"என்னங்க?"

"இந்த வரியைப் பாருங்க. அடுத்தடுத்து பதினோரு கட்டம் கறுப்பு. பதினோரு பாவு நூலும் ஒண்ணா மேல நின்னா, ஊடை அத்தனைக்கும் அடியிலயே போயிரும். நடுவுல எதுவும் புடிக்காது. தொங்கும். விரல் நகம் பட்டா இழுத்துட்டு வந்துரும். இங்க பாருங்க இன்னொண்ணு, இங்க ஒம்பது கட்டம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது துணியே ஆகாதுங்க. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துல இப்படிப் போட்டா மாஸ்டர் வெளிய அனுப்பிப்போடுவாரு."

"ஸ்டேஷன்ல இதைச் சொல்லலீங்களா?" என்று கேட்டான் கிருபாசங்கர்.

"அங்க தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு துண்டைக் காட்டி, 'இந்தத் தாள் உங்க டிபார்ட்மென்ட்டுதானே?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அதையேதான் ஒன்பது நாளும் கேட்டாங்க." அவர் தாளைத் தள்ளி வைத்தார். பிறகு அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. "கொலைகாரன்னு சொன்னதுகூடப் பரவாயில்லீங்க. அது இல்லைன்னு எனக்குத் தெரியும். போன மாசம் உங்க கட்டுரையைப் படிச்சுட்டு எனக்கு என்ன வருத்தம்னா, இந்தக் கண்றாவியை நான் டிசைன்னு போட்டேன்னு சொல்லிப்போட்டீங்களே!"

ராசாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. "அந்தாளுக்கு வருத்தப்படறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலை பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"மாமா, இதை அப்படியே எழுதறனுங்க. நான் எழுதினது தப்புன்னு. ஏன் தப்புன்னும். உங்க பேர் எங்கயும் வராமப் பார்த்துக்கறேன்."

"பேரைப் போடுங்க" என்றார் பாலுசாமி.

"அப்பா..."

"நீ இரு கண்ணு. பதிமூணு வருஷமா எல்லாரும் பேர் சொல்லாமயேதான் பேசிட்டிருக்கறாங்க. பாலுசாமின்னு போடுங்க. டிசைனர் பாலுசாமி, இது துணி ஆகாதுன்னு சொல்றார்னு போடுங்க. உங்க பேரையும் போடுங்க. அதென்ன நூல்காரன்?" அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ராசாத்தா, காபி என்னாச்சு? மாப்பிள்ளை எத்தனை நேரம் நிக்கறது?"

'மாப்பிள்ளை' என்ற சொல்லை அவர் மாற்றவில்லை என்பதை மோகனப்பிரியா கவனித்தாள். கிருபாசங்கரும் கவனித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

கிளம்பும்போது அவள் கேட் வரைக்கும் வந்தாள். அவன் பைக்கை உதைக்காமல் நின்றான்.

"பதில் இன்னிக்குச் சொல்றேன்னீங்க."

"மூணாவது கேள்விக்கு நீங்க சொன்னது சரியில்லை" என்றாள் மோகனப்பிரியா. "கோபம் வந்தா தனியாக் கட்டத்தை வெச்சுட்டு உட்காரக் கூடாது. என்கிட்டச் சொல்லணும்."

"சொல்றேன்."

"அப்படின்னா உங்கம்மாவை நாள் பார்க்கச் சொல்லுங்க. எங்க கதையையும் அவங்ககிட்ட முழுசாச் சொல்லிட்டு, அப்புறம்."

*

கட்டுரை மூன்று வாரம் கழித்து வந்தது. ஈரோட்டிலிருந்து கிருபாசங்கரின் அப்பா, அது அச்சாவதற்கு முன்பே ஒருநாள் வந்து பாலுசாமியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலுசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முழு அச்சைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, மகளோடு பேக்கரிக்குள் நுழைந்தார். வாசலில் ஒரு நொடி தயங்கினார். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க, டிசைனர் ஐயாவா? படிச்சேனுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மூலை மேஜையில் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்கள். வஹீது அச்சை வாங்கி முனைகளைத் தடவிப் பார்த்துப் பையில் வைத்தார். சுந்தரராஜுலுவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"சொல்லுங்க. துணி இல்லைன்னு ஆச்சு. அப்ப தந்திதானே?"

"ரயிலை மறந்துபோடாதீங்க" என்றார் வஹீது.

"நீங்க என்ன நினைக்கறீங்க மாமா? யாரா இருக்கும்?" என்று கேட்டான் கிருபாசங்கர்.

மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பாலுசாமி டீயை ஆற்றினார். அவருக்கு அவசரமே இல்லை.

"எனக்குத் தெரியலீங்க" என்றார். சொல்லிவிட்டு, அடுத்த மேஜைக்குப் போன தட்டைப் பார்த்தார். "ஏங்கண்ணு, அந்தத் தேங்காய் பன் நல்லாருக்குமா? ஒண்ணு சொல்லேன்."